பிராம் கவுன்: நியூ ஜெர்சியில் ஊர்க் கடையா, இணையமா?

நியூ ஜெர்சியில் சீனியர் பிராம், அதாவது பள்ளியின் கடைசி ஆண்டு மாணவர்களுக்கான நடன விழா, பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூன் முதலிலோ வரும். அதற்கான கவுனை ஊரில் இருக்கும் பூட்டிக்கில் (சின்ன உடைக் கடையில்) வாங்கலாம், மாலில் உள்ள பெரிய கடையில் வாங்கலாம், இணையத்தில் வரவழைக்கலாம். விலை குறைவு, ரகம் அதிகம் என்று பார்த்தால் இணையம்தான். மால் கடையில் திருப்பிக் கொடுப்பது சுலபம். ஆனால் அதே கவுனை இன்னொரு பெண்ணும் உடுத்தி வர வாய்ப்பு உண்டு. நான் பூட்டிக் பக்கம்தான். அதற்கு முக்கியக் காரணம் ஆல்டரேஷன், அதாவது கவுனை உடலுக்கு ஏற்றபடி திருத்தித் தைப்பது.

வாங்கிய கவுன் அப்படியே பொருந்துவது அரிது. நீளத்தை உயரமான பெண்ணுக்கு, ஹீல்ஸையும் கணக்கில் சேர்த்து வைத்திருப்பார்கள். 5 அடி 2 அங்குலம் இருக்கும் பெண்ணுக்குக் கீழே நான்கைந்து அங்குலம் குறைக்க வேண்டி வரும். ஜெர்சி எனப்படும் வெறும் பின்னல் துணி என்றால் சின்ன வேலை. பல அடுக்கு வலைத்துணி என்றால் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக அளந்து வெட்ட வேண்டும். மணியும் ஜமிக்கியும் நிறைந்த கவுனில்தான் கூலி ஏறும். மடிப்பு வரும் இடத்தில் மணிகளைக் கையால் பிரித்து எடுத்து, தைத்த பிறகு மறுபடி கோக்க வேண்டும். எடுக்காமல் மெஷினில் ஓட்டினால் ஊசி உடையும்; நூல் அறுந்தால் வரிசையாக மணி உதிரும். அடியில் லேஸ் பார்டர் இருந்தால் வெட்டவே முடியாது. பார்டரைக் கழற்றி மேலே ஏற்றித் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் பிரித்துத் தூக்க வேண்டும். கவுனைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் அடி ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அகலத்துக்கு ஒரு விதி உண்டு. பிடித்துத் தைப்பது எளிது, பிரித்து விடுவது கடினம். உள்ளே விட்டிருக்கும் துணி கொஞ்சம்தான். அதனால் மார்பு, இடுப்பு, பின்புறம் மூன்றையும் அளந்து, எது பெரிய சைஸில் விழுகிறதோ அந்த சைஸை எடுக்க வேண்டும். ஜீன்ஸ் சைஸை நம்பாதீர்கள். கவுன் கம்பெனிகளின் அளவு அட்டவணையே வேறு. ஜீன்ஸில் 4 போடும் பெண்ணுக்குக் கவுனில் 8 வருவது சகஜம். முதுகில் கயிறு கட்டும் கவுனில் ஓரிரு அங்குலம் இழுத்துக்கொள்ளலாம், ஜிப் வைத்ததில் அந்த வசதி இல்லை.

நல்ல பூட்டிக்கில் இந்தக் கணக்கையெல்லாம் வாங்குவதற்கு முன்பே போட்டுவிடுவார்கள். தையல்காரர் கடையிலேயே இருப்பார், அல்லது கடைக்குப் பழகிய ஆளாக இருப்பார். முதல் ஃபிட்டிங்கை (போட்டு அளவு பார்ப்பதை) விழாவுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பும், கடைசி ஃபிட்டிங்கை ஒரு வாரம் முன்பும் வைத்துக்கொள்வது சரியாக இருக்கும். அன்று போடப்போகும் செருப்பையும் உள்ளாடையையும் இரண்டு முறையும் கொண்டு போக வேண்டும். ஹீல்ஸ் அரை அங்குலம் குறைந்தாலும் அடி ஓரம் தரையில் புரளும். இன்னொரு நன்மை, பல பூட்டிக்குகள் பள்ளிவாரியாகப் பதிவு வைத்திருக்கும். ஒரு பள்ளிக்கு விற்ற கவுனை அதே நிறத்தில் அதே பள்ளிப் பெண்ணுக்கு மறுபடி விற்க மாட்டார்கள்.

குறைகளும் உண்டு. ஆல்டரேஷன் கூலி பெரும்பாலும் கவுன் விலையில் சேராது. விலை கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்கள். விற்றதைத் திரும்ப எடுக்காத கடைகளே அதிகம். உங்கள் சைஸ் கடையில் இல்லாமல் ஆர்டர் போட்டு வரவழைத்தால் 8 முதல் 12 வாரம், சில நேரம் இன்னும் கூட ஆகும். எனவே ஜனவரி, பிப்ரவரியில் போவது நல்லது. பெர்கன் கவுண்டியில் ஞாயிற்றுக்கிழமை துணி விற்கச் சட்டத்தில் தடை உண்டு. அந்தக் கவுண்டியில் உள்ள பரமஸ் பக்கம் போகிறவர்கள் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். தெற்கு ஜெர்சிக்காரர்கள் ஆற்றைக் கடந்து பிலடெல்ஃபியா போவதற்கு முன் வரியையும் பார்க்க வேண்டும். நியூ ஜெர்சியில் துணிக்கு விற்பனை வரி இல்லை. பென்சில்வேனியாவிலும் சாதாரண உடைக்கு இல்லை, ஆனால் பிராம் கவுன் மாதிரி விழா உடைக்கு உண்டு; பிலடெல்ஃபியாவில் அது 8 சதவீதம். 500 டாலர் கவுனுக்கு 40 டாலர்.

இணையத்தில் பெரிய ஆபத்து திருட்டுப் படம். ஷெர்ரி ஹில், ஜோவானி போன்ற கவுன் கம்பெனிகளின் படத்தைப் போட்டு, 90 டாலருக்கு வேறு துணியில் தைத்து அனுப்பும் தளங்கள் ஏராளம். அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் விற்பனைக் கடைகளின் பட்டியல் இருக்கும். அதில் இல்லாத தளத்தை விட்டுவிடுங்கள். இழுபடும் துணி, மணி வேலை இல்லாத நேரான கவுன், திருப்பி அனுப்பும் வசதி, கையில் இரண்டு மாதம் ஆகியவை இருந்தால் இணையமும் சரிதான். பக்கத்துப் பக்கத்து சைஸ் இரண்டு வரவழைத்து ஒன்றைத் திருப்பலாம். வாடகை கவுனை வெட்டித் தைக்க முடியாது என்பதால் குள்ளமான பெண்ணுக்கு அது ஒத்துவராது.

இணையத்தில் வாங்கி, இந்தியக் கடைகள் இருக்கும் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாமே என்று நம்மவர்கள் நினைப்பது இயல்பு. லெஹங்கா தைத்துப் பழகிய கைக்கு மணி வேலை வரும். ஆனால் மார்புப் பகுதியில் உள்ளே கம்பி வைத்த தோளில்லாத கவுன் வேறு மாதிரியான வேலை. அப்படி ஒன்றைப் பிடித்துத் தைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எங்கே வாங்கினாலும் கடைசி ஃபிட்டிங்கில் உட்கார்ந்து, கையைத் தூக்கி, நாலு தப்படி ஆடிப் பார்க்க வேண்டும். வீட்டில் ஜமிக்கி மேல் இஸ்திரிப்பெட்டி வைக்காதீர்கள், சுருங்கி உருகிவிடும். சுருக்கம் இருந்தால் கவுனை உட்புறம் திருப்பி, தள்ளிப் பிடித்து ஆவி காட்டுங்கள். சாட்டினில் ஆவியோடு தண்ணீர் சொட்டினால் கறை நிற்கும், அதனால் முதலில் உள்ளே ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள்.