"இடுப்பெலும்பு விலகியிருக்கிறது" என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள்: பிரசவமான பெண்கள் கவனத்துக்கு

பிரசவமாகி வெகுகாலம் ஆன பிறகும் இடுப்பிலும் அடிவயிற்றிலும் வலி விடவில்லை என்று மருத்துவம் தேடிக்கொண்டிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். "இடுப்பெலும்பு விலகியிருக்கிறது, மருந்து மாத்திரை இல்லாமல் கூட்டித் தருகிறோம்" என்று கோவையில் ஒரு சிகிச்சை நிலையம் என்னிடம் 28,000 ரூபாய் வாங்கியது. வலி குறையவில்லை, கூடியது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் அந்த நிலையத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. அவர்கள் கையாளும் முறையைச் சொல்கிறேன், அதுவே போதும்.

எனக்குச் சுகப்பிரசவம்தான், தையல் போட்டிருந்தார்கள். குழந்தை ஓடியாடத் தொடங்கிய பிறகும் ஒற்றைக் காலில் நின்று சுடிதார் போட முடியாது. படுக்கையில் புரண்டால் முன்பக்க எலும்பில் சுருக்கென்று குத்தும். ஆட்டோவில் காலைத் தூக்கி வைத்து ஏறும்போதும் அதே வலி. கணவரோடு சேர்வதும் வேதனையாகிவிட்டது. அம்மாவிடம் சொன்னால், "பிள்ளை பெத்த உடம்பு கண்ணு, அப்படித்தான் இருக்கும்" என்பார். மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பையில் ஒரு குறையும் இல்லை என்று கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று அனுப்பப்பட்டு, வலியோடு வீட்டில் கிடக்கும் பெண்களைத்தான் இந்த நிலையங்கள் குறிவைக்கின்றன. நம் வலியை நம்புகிறேன் என்று முதலில் சொல்பவர்கள் அவர்களாக இருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அங்கே நடந்த சோதனையை விரிவாகச் சொல்ல வேண்டும். என்னைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம் என்றார்கள். ஒருவர் இரண்டு குதிகால்களையும் சேர்த்துப் பிடித்தார், இன்னொருவர் என் கைபேசியிலேயே படம் எடுத்துக் காட்டினார். வலது குதிகால் இடதைவிட ஒரு விரலளவு மேலே இருந்தது. "பாருங்கள் மேடம், இடுப்பு ஏறிக்கிடக்கிறது. இப்படியே விட்டால் நாளைக்கு நடக்கவே முடியாமல் போய்விடும்." பிறகு இடுப்பை அழுத்தித் திருகினார்கள், டக்கென்று சத்தம் கேட்டது. மறுபடி படம். இப்போது இரண்டு குதிகாலும் சமமாக இருந்தன. கண்ணால் பார்த்த பிறகு யார்தான் மறுப்பார்கள்? முழுத்தொகையையும் அன்றே கட்டினால் சலுகை என்றார்கள். இடுப்பு பெல்ட்டுக்குத் தனியாக வாங்கினார்கள்.

வலி கூடுகிறது என்று சொன்னபோது, "எலும்பு இடத்துக்கு வருகிறது, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். கூடவே, இடுப்பின் அடித்தசையை இறுக்கிப் பிடித்து, பிறகு தளரவிடும் பயிற்சியைக் காலை மாலை செய்யச் சொன்னார்கள். அதன்பிறகு உட்காரவே முடியாமல் போனது. பேக்கேஜ் முடிந்ததும் இன்னொரு பேக்கேஜ் வேண்டும் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதை நீட்டினார்கள். அதில் சிகிச்சை என்ற சொல்லே இல்லை. "உடல்நல ஆலோசனை" என்று மட்டும் இருந்தது, கீழே பணம் திருப்பித் தரப்படாது என்ற முத்திரை.

பெண்களுக்கான பிசியோதெரபியில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். அவர் அந்தக் குதிகால் வித்தையை என் கணவர் கண்முன்னே செய்து காட்டினார். ஒரு காலைச் சற்றே இழுத்தாலோ, ஒரு பக்கச் செருப்பை லேசாகத் தள்ளினாலோ, படுத்திருப்பவரின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிகிறது. பிடியை மாற்றினால் சமமாகிவிடுகிறது. இடுப்பின் முன்பக்கத்தில் இரண்டு எலும்புகள் சேரும் மூட்டில் சாதாரணமாகவே 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. கர்ப்பத்தில் அது இன்னும் 2, 3 மில்லிமீட்டர் அகலும். 10 மில்லிமீட்டருக்கு மேல் போனால்தான் விலகல் என்கிறார்கள், அது எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். என்னிடம் பணம் வாங்கியவர்கள் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவே இல்லை. திருகும்போது கேட்கும் சத்தம் எலும்பு இடம் மாறியதற்கு அடையாளம் கிடையாது.

என் வலிக்கு வேறு காரணம் இருந்தது. இடுப்பின் அடியில் தொட்டில் போலத் தாங்கும் தசைகள் தளரவே தெரியாமல் இறுகிக் கிடந்தன. தையல் தழும்பும் இறுக்கமாக இருந்தது. இதைக் கண்டுபிடிக்க, என் சம்மதம் கேட்டு, கையுறை அணிந்த ஒரு விரலால் உள்ளே மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் நிறுத்திவிடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார். ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கச் சொன்னதுதான் என்னைப் படுத்தியெடுத்தது. தசை தளர்ந்து பலவீனமான பெண்களுக்கு அந்தப் பயிற்சி நல்லது, எனக்கு அப்போது ஆகாது. இப்போது அடிவயிறு வரை மூச்சை இழுத்து விடுவது, தழும்பை நீவுவது, இடுப்பையும் தொடையையும் மெல்ல பலப்படுத்துவது என்று போகிறது. ஆட்டோவில் ஏறுகிறேன். முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே, தொட்டுப் பார்க்காமலும் பிரசவ விவரம் கேட்காமலும் பேக்கேஜ் விலையைச் சொல்கிற இடத்தில் நிற்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, கருப்பை உட்படலம் வெளியே வளர்வது போன்றவையும் இதே வலியைத் தரும் என்பதால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட்டே பிசியோதெரபிக்குப் போங்கள். காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமை இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு, முதலில் அங்கே விசாரித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரப் படம் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. ரசீது தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். "உடல்நல ஆலோசனை" என்று எழுதிய ரசீது உங்களிடமும் இருந்தால், என்ன சிகிச்சை செய்தார்கள் என்பதைத் தேதியோடு இன்றே எழுதி அதனுடன் சேர்த்து வையுங்கள்.