செத்த பி.எல்.டி.சி. விசிறிக்கு 450 ரூபாய் போர்டு: வாங்கலாமா?

தர்மபுரி எலெக்ட்ரிக்கல் கடைகளில் இப்போது கொக்கியில் தொங்குகிற சரக்கு இது. பிளாஸ்டிக் கவருக்குள், குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறியின் மோட்டாரை இயக்குகிற வட்டமான போர்டு, ஒரு ரிமோட், ஒயர் முனையில் சென்சார் கண். கம்பெனி பெயர் கிடையாது. விலை 450, பேரம் பேசினால் 400. வாரன்டி என்பது "இங்கேயே ஓட்டிப் பார்த்துக்கோங்க" என்பதோடு சரி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் கவரிலிருந்து எடுத்து அப்படியே மாட்டக் கூடாது.

பி.எல்.டி.சி. விசிறியில் மோட்டார் சாவது அபூர்வம். சாவது போர்டுதான். கம்பெனி சர்வீஸில் கேட்டால் "பழைய மாடல் சார், போர்டு வராது" என்பார்கள். கிடைத்தாலும் ரெசின் ஊற்றி மூடியிருக்கும், உள்ளே என்ன போயிற்று என்று பார்க்கக்கூட வழியில்லை. மூவாயிரம் ரூபாய் விசிறி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

அதனால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போடுங்கள். பழைய 75 வாட் விசிறி தினம் 12 மணி நேரம் வீதம் 60 நாள் ஓடினால் 54 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. அதே ஓட்டத்துக்கு 21.6 யூனிட். மூன்று விசிறி இருக்கிற வீட்டில் மிச்சம் 97 யூனிட். 2016ல் ஜெயலலிதா கையெழுத்துப் போட்டுத் தந்த, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்கு இது கிட்டத்தட்ட சமம். ஆட்சி மாறியும் அந்த 100 யூனிட்டில் கை வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை, வரவும் வேண்டாம். ஆனால் அதே அளவு மின்சாரத்தை மிச்சம் பிடித்துத் தருகிற பொருள் உதிரி பாகம் இல்லாமல் குப்பைக்குப் போவதை எந்தக் கட்சி மேடையிலும் பேசிக் கேட்டதில்லை.

டெல்லி மட்டும் என்ன வாழ்ந்தது? 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம். நல்ல காரியம். அதற்கு முந்தைய மாதமே, 2022 டிசம்பரில், பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒன்றிய அரசு ஓர் இணையதளம் திறந்தது. தளம் திறந்ததால் கடைக் கொக்கிக்குக் கம்பெனி போர்டு வந்துவிடவில்லை. 2025 செப்டம்பர் 22ல் ஜி.எஸ்.டி.யைக் குறைத்தபோது ஏ.சி. 28லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியது; விசிறி அதே 18லேயே நிற்கிறது. 2011ல் ஆரம்பித்து ரேஷன் அட்டைக்குக் கொடுத்த விலையில்லா மேசை விசிறியை எத்தனை கிண்டல் செய்தாலும், ஸ்க்ரூ டிரைவரும் ஒரு கெப்பாசிட்டரும் புஷ்ஷும் இருந்தால் அதை எழுப்பி உட்கார வைக்கலாம். ஐந்து நட்சத்திர பி.எல்.டி.சி. விசிறியில் அது முடியாது.

சரி, போர்டுக்கு வருவோம்.

வாங்குவதற்கு முன் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் மோட்டார் 24 வோல்ட் வகையா, 310 வோல்ட் வகையா? பழைய போர்டில் மஞ்சள் டேப் சுற்றிய டிரான்ஸ்பார்மரும், பக்கத்தில் 35 வோல்ட் கெப்பாசிட்டரும் இருந்தால் 24 வோல்ட். டிரான்ஸ்பார்மர் மிகச் சிறிதாகவோ இல்லாமலோ இருந்து, பெரிய 400 அல்லது 450 வோல்ட் கெப்பாசிட்டரிலிருந்து நேராக மோட்டார் டிரைவருக்குப் போனால் 310. ரெசின் மூடிய போர்டில் இது தெரியாது. அப்போது மீட்டர்தான் கதி. எம்.சி.பி.யை இறக்கி ஐந்து நிமிடம் கழித்து, மோட்டாரின் மூன்று ஒயரையும் போர்டிலிருந்து பிரித்து, இரண்டிரண்டாக ஓம் பாருங்கள். சில ஓம் மட்டுமே காட்டினால் 24 வோல்ட். பல பத்து ஓமோ, நூறைத் தாண்டியோ காட்டினால் 310. கடையில் தொங்குவது பெரும்பாலும் 24 வோல்ட் போர்டு. இரண்டையும் மாற்றி மாட்டினால் ஒன்று விசிறி நகராது, இல்லை சுருள் கருகும்.

மூன்று அளவும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒயருக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. இன்னொரு சோதனைக்கு மீட்டரே வேண்டாம்: மூன்று ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டு றெக்கையைக் கையால் சுற்றுங்கள், பிடித்து இழுப்பதுபோல் கனமாகச் சுற்ற வேண்டும். பிரித்துவிட்டால் லேசாகச் சுற்ற வேண்டும். இப்படி இருந்தால் மோட்டார் நல்லது, 450 ரூபாய் வீணாகாது.

இனி இந்தச் சரக்கின் குறை. போர்டைத் திருப்பினால் கரண்ட் நுழையும் இடத்தில் "ஆர்.வி.1" என்று அச்சடித்து இரண்டு ஓட்டை காலியாக இருக்கும். அங்கே உட்கார வேண்டியது, வோல்ட் எகிறும்போது போர்டைக் காக்கிற மூவ் என்கிற வேரிஸ்டர். ஐந்து ரூபாயை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஃபியூஸுக்குப் பதில் ஒரு ரெசிஸ்டர். பெரிய கெப்பாசிட்டர் 400 வோல்ட். 230 வோல்ட் ஏ.சி. டி.சி.யாகும்போது 325 வோல்ட், அதுவரை சரி. ஆனால் பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமத்து லைனில் டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் கழன்றால் வீட்டுக்குள் 300க்கு மேல் ஏறும். 280 வந்தாலே கெப்பாசிட்டரில் 396 வோல்ட் நிற்கிறது. அதற்கு மேல் மூடி உப்பி வெடிக்கும், கூடவே மாஸ்ஃபெட் என்கிற சுவிட்ச் டிரான்சிஸ்டரும் போகும்.

திருத்தம் சுலபம். காலி ஓட்டையில் 14டி471 வேரிஸ்டரைப் பற்றவையுங்கள். அதற்கு முன்னால், லைன் ஒயரில், 1 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸைத் தொடராகச் சேர்த்து ஸ்லீவ் போடுங்கள். வரிசை மாறக் கூடாது: முதலில் ஃபியூஸ், பிறகு மூவ். வோல்ட் பெரிதாக எகிறினால் மூவ் ஷார்ட்டாகி ஃபியூஸைத் தூக்கும், போர்டு பிழைக்க வழியுண்டு. மாற்றி வைத்தால் மூவ் எரியும், ஃபியூஸ் வேடிக்கை பார்க்கும். 300ஐ ஒட்டிய ஏற்றத்தை மூவ் தடுக்காது, அதனால் பெரிய கெப்பாசிட்டரையும் 450 வோல்ட், 105 டிகிரி வகையாக மாற்றுங்கள். இந்த உதிரிகள் தர்மபுரியில் எல்லா நாளும் கிடைப்பதில்லை. ஓசூர் பக்கம் டாடா ஆலையில் ஐபோன் கூடு தயாராகிறது, போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் தயாராகிறது. நாம் ஒரு வேரிஸ்டருக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோடு பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

மாட்டும்போது ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வேண்டாம். சித்திரை வெயிலில் பசை உருகி டேப் கழன்றுவிடும். சால்டர் செய்து ஸ்லீவ் போடுங்கள். சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். "ஃபுல்லில் வைத்தால் போதும்" என்று எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னாலும் கேட்காதீர்கள். யாராவது ஒருநாள் குமிழைத் திருப்புவார்கள், போர்டு போய்விடும்.

முதல் ஓட்டம் சீரீஸ் பல்பில், அதாவது லைன் ஒயரில் தொடராக மாட்டிய பல்பு வழியாக. 60 வாட் குண்டு பல்பு, எல்.இ.டி. கூடாது. மோட்டார் இணைக்காமல் கரண்ட் கொடுங்கள்: பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் சரி, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். பிறகு கரண்டை நிறுத்தி மோட்டாரை இணைத்து, ரிமோட்டில் ஒன்றாம் வேகம். அப்போது பல்பு மங்கலாக எரியலாம், தப்பில்லை. தலைகீழாகச் சுற்றினால் மூன்றில் ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றினால் போதும்.

"22 வாட்தான் சார் எடுக்கும்" என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள். ஏமாற வேண்டாம். விசிறியின் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வாட் கால் பங்குக்கு மேல் இறங்கும். காற்றும் பத்து சதவீதம் குறைந்திருக்கும். போர்டு மெதுவாக ஓட்டுகிறது, அவ்வளவுதான். 2023ல் கட்டாயமான லேபிள் கணக்குப்படி 1200 மில்லிமீட்டர் விசிறிக்கு ஐந்து நட்சத்திரம் என்றால் ஒரு வாட்டுக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 6 கன மீட்டர் காற்று. பழைய லேபிள் ஒட்டியிருந்தாலும் புதுப் போர்டுக்கு அது பொருந்தாது.

ரிமோட் சுமார். ஒரே அறையில் இதே போர்டு இரண்டு விசிறியில் இருந்தால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் ஆடும். ஒன்றின் சென்சார் கண்ணைக் கறுப்பு டேப்பால் மூடிக்கொண்டு வேலை நடத்தலாம். கடையில் கட்டாயம் பார்க்க வேண்டியது வேறு: ஓடும்போது பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகச் சொல்லுங்கள். பழைய வேகத்திலேயே கிளம்பினால் வாங்குங்கள். கிளம்பாமல் ரிமோட்டுக்குக் காத்திருக்கும் போர்டும் அதே கவரில்தான் வருகிறது. நடுராத்திரி கரண்ட் போய் வந்தால் எழுந்து ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கும்.