மெட்ராஸ் ஆஸ்பத்திரி வாக்: ஜிஎச்ல ஆரம்பிச்சு கஞ்சித்தொட்டி வரைக்கும், போகலாமா வேணாமா?

ஹெரிடேஜ் வாக்னாலே மயிலாப்பூர், கோட்டை, மவுண்ட் ரோடு கட்டடங்கள்னு தான் நம்ம ஊர்ல ஓடிட்டு இருக்கு. வெள்ளைக்காரன் காலத்து மருத்துவத்தையும் தண்ணியையும் மட்டும் வெச்சு ஒரு வாக் நடத்துறாங்கன்னு கேள்விப்பட்டதும் உடனே புக் பண்ணிட்டேன். சின்ன டீம், குறையும் சொல்லப் போறேன், அதனால பேர் போடல. தேடினா ஈசியா கிடைச்சிடும்.

காலைல சென்ட்ரலுக்கு எதிர்ல ஜிஎச், அதாவது அரசு பொது மருத்துவமனை வாசல் பக்கம் நிக்கச் சொன்னாங்க. ஆரம்பிக்கவே அரை மணி நேரம் லேட். வேன் ஏசி நல்லா இருந்துச்சு, தண்ணி பாட்டில் குடுத்தாங்க. ஆனா கைடு கைல இருந்த ஸ்பீக்கர் பஸ் சத்தத்துல சுத்தமா கேக்கல, பின்னாடி நின்னவங்களுக்கு பாதி கதை போச்சு. ஒரு விஷயம் மட்டும் மனசார பாராட்டணும், வார்டு பக்கம் யாரையும் கூட்டிட்டுப் போகல. மரத்தடில படுத்திருந்த நோயாளி சொந்தக்காரங்களை ஒருத்தர் போட்டோ எடுக்கப் போனாரு, கைடு பொண்ணு நேரா போய் "வேணாம் சார், அவங்க கஷ்டத்துல இருக்காங்க"ன்னு சொல்லி நிறுத்திட்டாங்க. ஓடிட்டு இருக்கற ஆஸ்பத்திரில வாக் நடத்துறவங்களுக்கு முதல்ல இருக்க வேண்டியது இந்த மரியாதைதான்.

ஜிஎச் கதை எல்லாருக்கும் மேலோட்டமா தெரியும். 1664ல எட்வர்ட் வின்டர் கோட்டைக்குள்ள ஒரு வீட்டுல கிழக்கிந்தியக் கம்பெனி சோல்ஜர்களுக்காக ஆரம்பிச்சது, இப்ப இருக்கற இடத்துக்கு 1772ல வந்துச்சு, பக்கத்துல 1835ல மெடிக்கல் ஸ்கூல், அதுவே 1850ல காலேஜ் ஆச்சு. ரெட் ஃபோர்ட்னு சொல்ற அந்த செங்கல் கலர் காலேஜ் கட்டடத்துக்கு முன்னாடி எல்லாரும் செல்ஃபி எடுத்தாங்க, 1897ல அனாட்டமிக்காக கட்டினது, கிட்ட போய் பாத்தா வளைவு வேலைப்பாடு எல்லாம் செம அழகு. ஆனா இங்கதான் எனக்கு முதல் வருத்தம். கைடு ஒவ்வொரு கட்டடத்துக்கும் "முதல் முதல்ல", "ஆசியாவிலேயே"ன்னு தான் ஆரம்பிச்சாங்க, யாருக்காக கட்டினதுன்னு சொல்லவே இல்ல. இந்த ஆஸ்பத்திரி கதவு நம்மாளுங்களுக்குத் திறந்தது 1842லன்னு நான் கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, 178 வருஷம். அந்த ஒரு வரி இல்லாம 1664ன்னு மட்டும் சொன்னா, ஏதோ ஊர் ஜனம் மொத்தத்துக்கும் அன்னைக்கே ஆஸ்பத்திரி கிடைச்ச மாதிரி கேக்கறவங்க நினைச்சுட்டு போயிடுவாங்க.

மெடிக்கல் காலேஜ் வாசல்ல மேரி ஷார்லீப் கதையை மட்டும் ரொம்ப நல்லா சொன்னாங்க. மெட்ராஸ்ல வக்கீலா இருந்த ஒருத்தரோட மனைவி. ஆம்பள டாக்டர் தொடக்கூடாதுன்னு உள்ளயே கிடந்து பிரசவத்துல சாகற பொண்ணுங்களைப் பத்தி கேள்விப்பட்டு, முதல்ல பிரசவம் பாக்கக் கத்துக்கிட்டு, 1875ல இந்த காலேஜ்ல சேந்த முதல் நாலு பொண்ணுங்கள்ல ஒருத்தரா உள்ள வந்து, 1878ல பாஸ் பண்ணி, லண்டன் போய் மறுபடியும் படிச்சுட்டு திரும்பி வந்து, 1885ல கோஷா, அதாவது பர்தா முறைல இருந்த பொண்ணுங்களுக்காகவே ஒரு ஆஸ்பத்திரி தொடங்க காரணமா இருந்தாங்க. அதுதான் இன்னைக்கு நாம கோஷா ஆஸ்பத்திரின்னு சொல்ற திருவல்லிக்கேணி கஸ்தூரிபா. எங்க பாட்டி காலத்துல இருந்து எங்க வீட்டுப் பிரசவம் எல்லாம் அங்கதான், அதனால கேக்கும்போது எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. முத்துலட்சுமி ரெட்டி 1912ல பாஸ் பண்ணது இதே காலேஜ்லதான், அதையும் விடாம சொன்னாங்க.

அடுத்து எழும்பூர். கண்ணாஸ்பத்திரி 1819ல ஆரம்பிச்சது, எழும்பூர் இடத்துக்கு வந்தது 1884ல. இங்க இருந்த எலியட்ங்கற டாக்டர் கிளாக்கோமாவுக்கு ஒரு ஆபரேஷன் கொண்டு வந்தாரு, கண்ணுக்குள்ள தண்ணி வெளிய போகாம அழுத்தம் ஏறி பார்வை போயிடும்ல, அதுக்கு கருவிழி ஓரத்துல குட்டியா ஒரு ஓட்டை போட்டு வடிய விடறது. உலகம் பூரா அதை எலியட் ஆபரேஷன்னே சொன்னாங்க. பிள்ளைத்தாச்சி ஆஸ்பத்திரியை வேன்ல இருந்தே காட்டிட்டு போயிட்டாங்க, 1844ல தொடங்கின இடத்துக்கு ரெண்டு நிமிஷம் கூட குடுக்கல, அது தப்பு.

உண்மையா இந்த வாக்குக்கு குடுத்த காசு எனக்கு செரிச்சது வடசென்னை போனப்பதான். முதல்ல ஏழுகிணறு. அதுவும் 1772 தான், ஜிஎச் இடம் மாறின அதே வருஷம். கேப்டன் பேக்கர்னு ஒருத்தர் போட்ட திட்டம், இங்க கிணறு வெட்டி கோட்டைக்கு குழாய்ல தண்ணி கொண்டு போனாங்க. சுத்தி நம்மாளுங்க இருந்த கருப்பர் நகரம் அப்ப என்ன தண்ணி குடிச்சது? அவங்கவங்க வீட்டுக் கிணறும் கோயில் குளமும்தான், பக்கத்துலயே கழிவும் சாக்கடையும். காலரா வராம என்ன பண்ணும். ஊருக்குன்னு செங்குன்றம் ஏரித் தண்ணி வந்ததே 1872ல, அதுவும் கீழ்ப்பாக்கம் வரைக்கும் திறந்த கால்வாய்ல வந்து வடிகட்டாம அப்படியே குழாய்ல போச்சு. கீழ்ப்பாக்கத்துல மணல் வடிகட்டி வந்தது 1914ல. மணல்ல தண்ணியை மெதுவா விட்டா நாளாக நாளாக மேல பால் ஆடை மாதிரி ஒரு வழவழ படலம் கட்டும், கிருமியை பிடிக்கறதுல பெரிய வேலை அந்தப் படலத்துக்குத்தான்னு கைடு தரையில குச்சியால கோடு போட்டு விளக்கினாங்க. கூட வந்த ரெண்டு சின்னப் பசங்க வாயைப் பொளந்து கேட்டாங்க, காலைல இருந்து போன் பாத்துட்டு இருந்த பசங்க. ஆயிரம் டாக்டர் பண்ணாததை அந்த மணல் பண்ணிருக்கும்னு தான் நான் நினைக்கறேன். ஆனா அங்க போட்டோ எடுக்க அழகா எதுவும் இல்லங்கறதால வாக்ல அதுக்கு கால் மணி நேரம்தான்.

கடைசியா ராயபுரம். ஸ்டான்லின்னு போர்டு இருந்தாலும் அந்தப் பக்கம் பழைய ஆளுங்க கிட்ட கேட்டுப் பாருங்க, கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு தான் சொல்லுவாங்க. ஓரத்துல பூ கட்டிட்டு இருந்த ஆயா கிட்ட நான் சும்மா பேச்சு குடுத்தேன், "எங்க ஆத்தா காலத்துலயே கஞ்சித்தொட்டி தாம்மா, பசிக்கு ஊத்தின இடம்"னாங்க, கை பாட்டுக்கு முல்லையை நாருல முடிஞ்சுட்டே. ஐதர் அலி படையெடுப்பும் பஞ்சமும் சேந்து சுத்துப்பட்டு ஜனமெல்லாம் ஊருக்குள்ள ஓடி வந்தப்ப, 1782ல கஞ்சி ஊத்த ஆரம்பிச்ச மணியக்காரர் சத்திரம் அது. 1799ல ஜான் அண்டர்வுட்ங்கற டாக்டர் அங்க உள்ளூர்க்காரங்களுக்கு வைத்தியம் பாக்க ஒரு இடம் ஏற்படுத்தினாரு, அதுல இருந்து வளந்து வளந்து 1938ல மெடிக்கல் காலேஜ். ஜிஎச் சோல்ஜருக்குன்னு ஆரம்பிச்சது, இது பசியில வந்தவங்களுக்குன்னு ஆரம்பிச்சது. வாக்கை இங்கருந்து தான் ஆரம்பிக்கணும்னு ஃபீட்பேக் ஃபார்ம்ல எழுதிக் குடுத்துட்டேன்.

தாது வருஷப் பஞ்சத்தை, அதான் 1876-78 பெரும் பஞ்சத்தைப் பத்தி இங்க நின்னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டதை மட்டும் என்னால ஏத்துக்க முடியல. 1877ல பஞ்ச வேலையைப் பாக்க இந்திய அரசாங்கம் அனுப்பின ரிச்சர்ட் டெம்பிள் வந்து நிவாரண வேலை செய்யறவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும்னாரு, அதாவது நானூத்தி ஐம்பது கிராம் சொச்சம், வெயில்ல கல்லு உடைக்கற ஆளுக்கு. மெட்ராஸ் சுகாதார கமிஷனரா இருந்த கார்னிஷ் இது பத்தாது, ஜெயில் கைதிக்கு கூட இதுக்கு மேல கிடைக்குதுன்னு விடாம சண்டை போட்டாரு, அந்த வருஷமே கூலியை ஏத்த வேண்டி வந்துச்சு. அரசாங்கத்துக்குள்ளயே உக்காந்துட்டு அரசாங்கத்தோட மல்லுக்கட்டின ஒரு டாக்டர், அவர் பேர் இந்த ஊர்ல எத்தனை பேருக்கு தெரியும்?

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் லிஸ்ட்ல இல்ல. தூரம்தான் காரணம்னாங்க. இருந்தாலும் வேன்ல போறப்ப சொல்லிருக்கலாம், அம்மைத் தடுப்பு மருந்து 1802ல இந்தியாவுக்கு வந்தப்ப மருந்து குத்தின ஒரு குழந்தை கைல வந்த கொப்புளத்து நீரை அடுத்த குழந்தை கைல குத்தி, அப்படி மாத்தி மாத்தி தான் ஊர் ஊரா கொண்டு போனாங்க, வெயில்ல மருந்து கெட்டுடும்ங்கறதால. நூறு வருஷம் கழிச்சும் அந்தச் சூட்டோட போராட்டம் தீரல, அப்புறம்தான் கன்னுக்குட்டில இருந்து மருந்து தயாரிக்க கிண்டில அந்த இடம்.

முடிவுல இட்லி, பொங்கல், காபி, ராயபுரத்துல ஒரு மெஸ்ல. காபி சுமார், பொங்கல் அருமை, நெய் வாசனை தூக்குச்சு.

ஆளுக்கு எண்ணூறு ரூபாய், மாணவர்களுக்கு பாதி. தாராளமா போகலாம், மெடிக்கல், நர்சிங் படிக்கற பசங்க வீட்டுல இருந்தா கண்டிப்பா அனுப்புங்க. ஸ்பீக்கர் கேக்காது, முன்னாடி போய் கைடு பக்கத்துலயே நில்லுங்க. வயசானவங்கன்னா ஏழுகிணறு பக்கம் ரோடு மேடு பள்ளம், பாத்து. புக் பண்ணும்போதே வடசென்னை பாதி உண்டான்னு கேட்டுக்கோங்க, ஏன்னா சில வாரம் எழும்பூரோட முடிச்சுடறாங்களாம், அப்படின்னா அடுத்த வாரத்துக்கு மாத்திக்கறதுதான் நல்லது.