பழைய வீட்டு வயரிங்: ஒட்டுப் போடுவதா, முழுசாகப் பிரித்து ஓட்டுவதா?

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீடு 1974-ல் கட்டிய ஓட்டு வீடு. ஆசாரம் (முன்கூடம்), இரண்டு அறை, சமையல்கட்டு, பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) குளியலறை, அவ்வளவுதான். போன தை மாதம் அம்மாயி போன் பண்ணி, "ஏஞ்சாமி, அந்தப் பெட்டியத் தொட்டா எறும்பு கடிக்கிறாப்பல சுருசுருங்குது, வந்து பாரு கண்ணு" என்றார். பெட்டி என்றால் ஃபிரிட்ஜ். மூன்று எலக்ட்ரீஷியன்களைக் கூட்டிப் போய்க் காட்டினேன், மூன்று பேரும் மூன்று வழி சொன்னார்கள்.

முதல் ஆள் சொன்னது ஒட்டு வேலை. பழுதான பாயின்ட்டை மட்டும் மாற்றி, ஃபிரிட்ஜுக்குப் புது ஒயர் இழுத்துவிட்டால் போதும், ஒரு நாள் கூலி. கேட்க நன்றாகத்தான் இருந்தது, சுவிட்ச் பெட்டியைத் திறக்கும் வரைக்கும். உள்ளே பழைய அலுமினிய ஒயர், மேலே இருந்த ரப்பர் வெங்காயச் சருகு மாதிரி விரலில் உதிர்ந்தது. அதன் நுனியில் யாரோ எப்போதோ செம்பு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள், டேப் கருகி இறுகிக் கிடக்கிறது. அலுமினியமும் செம்பும் நேராகச் சேர்ந்தால் நாளாக நாளாக அரித்து முனை தளர்ந்துவிடும், தளர்ந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினால் 5 ஆம்பியர் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இழை செம்புக் கம்பி! லோடு ஏறினால் ஃபியூஸ் போகாது, சுவரில் இருக்கிற ஒயர்தான் போகும். இந்த நிலையில் ஒட்டுப் போடுவது கிழிந்த சாக்குக்குத் தையல் போடுகிற வேலை. அதற்காக ஒட்டு வேலையே தப்பு என்று சொல்லவில்லை, பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் நல்ல செம்பு ஒயரில் ஓட்டிய வீடு என்றால் அது போதும்.

இரண்டாவது ஆள் முழுசாக மாற்றச் சொன்னார், அதுவும் சுவரில் காடி வெட்டி உள்ளே பைப் பதித்து, மாடுலர் சுவிட்ச் போட்டு, பாயின்ட் கணக்கில். புதுச் செங்கல் வீடாக இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். மண் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. காடி வெட்டினால் பாளம் பாளமாக விழும், பூசினாலும் பழைய பூச்சோடு ஒட்டாது. ஓட்டு வீட்டில் எலி வேறு. உள்ளே பதித்த ஒயரை எலி கடித்தாலோ ஓடு ஒழுகித் தண்ணீர் இறங்கினாலோ எந்த இடம் என்று தேடவே ஒரு நாள் ஆகும். சுவர் மேலேயே பிவிசி பைப்பைக் கிளாம்ப் அடித்து ஓட்டினால் பார்க்க அழகில்லைதான், ஆனால் ஸ்க்ரூவைக் கழற்றினால் வேலை முடிந்தது. சுவிட்ச் அழகைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை, பணம் மிஞ்சினால் போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் பிடித்தது மூன்றாவது ஆள் சொன்ன நடுவழி. அவர் வந்ததும் முதலில் பார்த்தது சுவிட்சை அல்ல, எர்த்தை, அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் ஒயரை. மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் எல்லா இடத்திலும் இருக்கிறது, மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை! சுருசுருப்புக்குக் காரணம் அதுதான். அப்புறம் ஒயரின் மேலுறை கரண்டைக் கசியவிடுகிறதா என்று காட்டும் 500 வோல்ட் மெகர் மீட்டரை வைத்துப் பார்த்தார், பவர் லைன்களில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டியது, அதாவது மேலுறை கெட்டுவிட்டது, லைட் லைனில் பரவாயில்லை. அதனால் பொடக்காளியில் குழி எடுத்து உப்பும் கரியும் போட்டு எர்த் பைப் இறக்கினோம், புது போர்டு வைத்தோம், சமையல்கட்டுக்கு 2.5, கெய்சருக்கு 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரைத் தனித்தனியாக ஓட்டினோம். லைட், ஃபேன் லைனை அப்படியே விட்டு, லோடு மிஞ்சினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் 6 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் மட்டும் போட்டோம். முழு வேலைக்குச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை.

போர்டு விஷயத்தில் நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள். எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், லோடு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். ஆளுக்கு ஷாக் அடித்தால் அதற்குத் தெரியவே தெரியாது. ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அது லோடைப் பார்க்காது, போன கரண்டு முழுசாகத் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கும். ஆகவே ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை, இரண்டும் வேண்டும். பழைய வீட்டில் ஆர்சிசிபி போட்டால் முதல் வாரம் சும்மா சும்மா விழும். எங்களுக்கும் விழுந்தது, இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் (கரண்டு திரும்பி வரும் ஒயர்) வீட்டு நியூட்ரலும் ஒன்றாகக் கட்டியிருந்ததுதான் காரணம், பிரித்ததும் நின்றுவிட்டது. இந்த இடத்தில்தான் பல பேர் "அது தொல்லைங்க" என்று கழற்றி நேராக இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்கிற ஆளிடம் மேற்கொண்டு வேலை கொடுக்காதீர்கள். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அம்மாயி அமாவாசைக்கு அமாவாசை அமுக்கிப் பார்க்கிறார், தேதி மறக்காது என்பதால் அப்படிப் பழக்கிவிட்டோம்.

ஒரு கரண்டு லைனுக்குப் பதில் மூன்று லைன் வரும் த்ரீ பேஸ் இணைப்பு வாங்கலாமா என்றும் பேச்சு வந்தது. 2000 வாட் கெய்சர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு, இண்டக்‌ஷன் அடுப்பு இன்னொரு 9. மூன்றும் ஒரே நேரம் ஓடும் வீட்டுக்கு த்ரீ பேஸ் நல்லது. ஒரு பேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் நம் ஊர்ப்பக்கம் அதை வாங்க முக்கியக் காரணமே. ஆனால் நியூட்ரல் அறுந்தால் சில பாயின்ட்களில் 230-க்குப் பதில் 400 வோல்ட் அளவுக்கு ஏறி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே அடியில் போகும். ஏசி இல்லாத அம்மாயி வீட்டுக்கு சிங்கிள் பேஸே தாராளம்.

லைட் லைன் பாக்கி இருக்கிறது. வருகிற சித்திரையில் ஓடு பிரித்து மாற்றப் போகிறோம், அப்போது அதையும் புது பைப்பில் ஓட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.