சிறு குழந்தையை அமைதிப்படுத்த எது ஏற்றது: தியானமா, மூச்சு விளையாட்டா, ஆமை முறையா?

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மனத்தை அமைதிப்படுத்தப் பழக்க வேண்டும் என்பதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எப்படிப் பழக்குவது என்பதில்தான் குழப்பம் நீடிக்கிறது. எந்த முறையானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆத்திரம் தலைக்கேறிய நேரத்தில், கையில் எந்தப் பொருளும் இல்லாத நிலையில், குழந்தை அதைத் தானாகவே செய்ய முடியுமா?

கண்ணை மூடி அசையாமல் உட்காரும் தியானம் இந்தச் சோதனையில் பின்தங்கிவிடுகிறது. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் தொடங்கப்பட்ட 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை, மூச்சையும் மனத்தில் எழுவதையும் அமைதியாகக் கவனிக்கும் தியான வகையான மனக்கவனப் பயிற்சியைக் (mindfulness) கொண்டு சென்றது. ஆனால் அந்தப் பயிற்சியோடு கதையும் செயல்பாடுகளும் உரையாடலும் சேர்ந்தே வந்தன. பிரிட்டனில் 85 பள்ளிகளில் வளரிளம் பருவ மாணவர்களிடம் நடத்தப்பட்டு, 2022-இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வொன்றில், மனக்கவனப் பாடம் வழக்கமான சமூக, உணர்வுக் கல்வியைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. அவர்கள் பெரிய பிள்ளைகள் என்பதால் அந்த முடிவை நான்கு வயதுக்கு அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் பாடவேளை ஒதுக்கினாலே அமைதி வந்துவிடும் என்று நம்புவோர் அதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

மூச்சுப் பயிற்சியின் நிலை வேறு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிமிட அசைபடக் காணொளியைப் பார்த்துச் சில முறை மெதுவாக மூச்சுவிட்டதிலேயே சிறுவர்களின் உடல் பதற்றம் அளவிடக்கூடிய வகையில் தணிந்தது. ஆனால் வெறும் சொல்லால் இதைக் கற்பிக்க முடியாது. "மூச்சை ஆழமா இழு" என்றால் நான்கு வயதுக் குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள்: தோள்கள் காது வரை உயரும், கன்னங்கள் உப்பும், மூச்சு உள்ளேயே நின்றுவிடும். இதயத் துடிப்பைத் தணிப்பதில் பெரும்பங்கு நீண்ட வெளிமூச்சுக்குத்தான் என்பதால், இழுப்பதை விட்டுவிட்டு ஊதுவதைக் கற்றுத்தர வேண்டும். பனையோலைக் காற்றாடியை நிற்காமல் சுற்ற வைப்பது, உடையாமல் ஒரு பெரிய சோப்புக் குமிழியை ஊதுவது, வாயை மூடி வண்டுபோல் ரீங்கரிப்பது ஆகிய மூன்றும் அந்த நீண்ட வெளிமூச்சைத் தாமாகவே வரவழைத்துவிடுகின்றன. பழகிய பிறகு காற்றாடி இல்லாவிட்டாலும், விரல் நுனியை ஊதச் சொன்னால் போதும்.

ஆமை முறை 1970-களில் அமெரிக்காவில் உருவானது. கோபம் வருவதை உணர்தல், நிறுத்துதல், கைகளை உடலோடு அணைத்து ஓட்டுக்குள் போவதுபோல் ஒடுங்கி மூன்று முறை மூச்சு விடுதல், வெளியே வந்து அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்தல் என அதற்கு நான்கு படிகள். மூச்சு விளையாட்டில் இல்லாத இரண்டு நன்மைகள் இதில் உண்டு: தன்னையே அணைத்துக்கொண்ட கைகளால் பக்கத்துப் பிள்ளையை அடிக்க முடியாது, தணிந்த பிறகு சிக்கலைத் தீர்க்கவும் வழி இருக்கிறது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் பொம்மைச் சண்டை அன்றாடம் நடக்கும் என்பதால், ஆசிரியர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். மூன்று வயதுக் குழந்தைக்கோ நான்கு படிகளின் வரிசை நினைவில் நிற்பது கடினம். ஆகவே வீட்டில் ஊதுவதில் தொடங்கி, நாலரை வயதை ஒட்டி ஆமைக்கு நகர்வதே சரியென்று நினைக்கிறேன்.

தண்ணீரில் மினுக்குத்தூள் மெல்ல அடங்குவதைக் காட்டும் கிளிட்டர் பாட்டில் பார்க்க அழகானது. கடைத்தெருவில் அழும்போது அது கையில் இருக்காது.

கைப்பேசியைக் கொடுத்தால் அழுகை இவை எல்லாவற்றையும்விட வேகமாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைப் பற்றி 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அமைதிப்படுத்துவதற்காக அடிக்கடி திரையைக் கொடுப்பதற்கும், குறிப்பாக ஆண் குழந்தைகளிடம் பின்னர் உணர்ச்சி வேகம் கூடுவதற்கும் தொடர்பு காணப்பட்டது. திரை கவனத்தைத் திருப்புகிறதே தவிர, தணியும் திறனை வளர்ப்பதில்லை என்பதால் இந்த ஒப்பீட்டில் அதற்கு நான் இடம் தரமாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும் முதல் பாடத்தை அழுகையின் நடுவில் தொடங்காதீர்கள். மாலையில் குளித்து முடித்த பிறகோ, படுக்கும் முன்போ, குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்களும் உடன் உட்கார்ந்து ஊதுங்கள். வாரக்கணக்கில் பழகியும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதோ, மூச்சை அடக்கி மயங்குவதோ இருந்தால், பயிற்சியை மட்டும் நம்பிக் காத்திராமல் குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.