லின் கெலின் வேன் சுற்றுலா: வண்டிக்கு முழு மார்க், கதைக்குப் பாதிகூட இல்லை

வடக்கு வேல்ஸில் பாலா ஊரிலிருந்து கிளம்பும் அரை நாள் வேன் சுற்றுலா இது, நடத்துபவர்கள் பெயர் வேண்டாம். வேன் சுத்தம், ஓட்டுநர் மலை வளைவுகளில் பதறாமல் ஓட்டினார், சொன்ன நேரத்துக்குத் திரும்பினோம். குறை எல்லாம் லின் கெலின் ஏரிக்கரையில்தான்.

வழிகாட்டி அணையைப் பற்றி விலாவாரியாகப் பேசினார், கீழே டிரவெரின் ஆற்றில் படகு விடுவதைச் சொன்னார், எங்கே நின்றால் படம் நன்றாக வரும் என்றுகூடக் காட்டினார். தண்ணீருக்கு அடியில் காப்பெல் கெலின் என்ற ஊர் கிடப்பதற்கு ஒரே ஒரு வரி. அந்த ஊரின் சேப்பலுக்கு, அதாவது சிறிய தேவாலயத்துக்கு, அதுவும் இல்லை!

இத்தனைக்கும் ஊருக்குப் பெயரே அந்தச் சேப்பலால் வந்தது, வெல்ஷ் மொழியில் காப்பெல் என்றால் சேப்பல். இங்கிலாந்து திருச்சபையோடு சேராத கால்வினிச மெதடிஸ்ட் சபை அது, வெல்ஷ் பேசும் விவசாயக் குடும்பங்களுடையது. இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகராட்சி தனக்குத் தண்ணீர் வேண்டும் என்று, ஊரை மூழ்கடித்து அணை கட்ட 1957-இல் நேரே நாடாளுமன்றத்தில் சட்டம் வாங்கிவிட்டது, உள்ளூர் அனுமதிக்கு வேலையே இல்லை. வேல்ஸ் எம்.பி. ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை, ஆனாலும் நிறைவேறியது. 1963 செப்டம்பரில் சேப்பலில் கடைசி ஆராதனை, அப்புறம் இடித்தார்கள், 1965-இல் ஏரி திறப்பு விழா. அதில் போராட்டக்காரர்கள் மைக் ஒயரை அறுத்துவிட்டார்கள், சில நிமிஷத்தில் விழா முடிந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து சில உடல்களை மட்டும் எடுத்து வேறு இடத்தில் அடக்கம் செய்துவிட்டு, மற்றவற்றை அங்கேயே விட்டு மேலே கான்கிரீட் போட்டார்கள். லிவர்பூல் மன்னிப்புக் கேட்டது 2005-இல், நாற்பது வருஷம் கழித்து.

இதில் எதையும் சொல்லாமல் ஏரி அழகு, ஏரி அழகு என்றால் எப்படி?

கரையிலேயே ஒரு சிறிய நினைவுச் சேப்பல் இருக்கிறது, பழைய கல்லறைக் கற்களை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வேன் அதைத் தாண்டித்தான் போனது, நிற்கவில்லை. கேட்டதற்கு "அட்டவணையில் இல்லை" என்றார்கள், சரி.

ஐந்துக்கு இரண்டு, அதுவும் ஓட்டுநருக்காக. கார் இருந்தால் நீங்களே பாலாவிலிருந்து ட்ராஸ்ஃபினித் போகும் ஏ4212 சாலையைப் பிடியுங்கள், ஏரியை ஒட்டியே போகிறது. பக்கத்தில் ஹாஃபோட் ஃபாடோக் பண்ணையில் கூடி வழிபட்ட குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் ஒரு நினைவுப் பலகை உண்டு, அந்தப் பண்ணையும் இதே ஏரிக்குள்தான் போனது, அதையும் விட்டுவிடாதீர்கள்.