சிஜே3பி ஜீப்பில் பியூஜோ டீசல் இன்ஜின்: பதினேழு வருட அனுபவம்

எங்கள் ஜீப் 1974 மாடல் மஹிந்திரா சிஜே3பி. அப்பா தேனி மாவட்டத்துப் போடியில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 2008-ல் அதன் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, கண்டம் செய்யப்பட்ட ஒரு மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பிலிருந்து எடுத்த பியூஜோ டீசல் இன்ஜினை ஏற்றினோம். அன்றிலிருந்து இன்று வரை ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது, பெரும்பாலும் போடியிலிருந்து போடிமெட்டு ஏறி பூப்பாறைப் பக்கம் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்துக்கும் திரும்பவும்தான். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் பார்க்கும்போதெல்லாம் "டீசல் ஏத்தலாமாண்ணே?" என்று கேட்கிறார்கள். நின்றுகொண்டே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஏன் மாற்றினோம் என்பது. எல்லோரும் மைலேஜுக்காகத்தான் என்று நினைக்கிறார்கள். அதுவும் உண்மைதான், பெட்ரோலில் மலை ஏறினால் லிட்டருக்கு ஐந்து, சமதளத்தில் ஆறரை, ஏழு. அன்றைக்குப் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்குப் பத்து, பதினைந்து ரூபாய் வித்தியாசம் இருந்தது. ஆனால் அப்பாவை முடிவெடுக்க வைத்தது மழை. ஜூன் பிறந்துவிட்டால் மேலே விடாமல் பெய்யும், தோட்டத்துக்குள் இரண்டு ஓடையைத் தாண்டித்தான் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போக முடியும், ஃபேன் வாரி அடிக்கிற தண்ணீர், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் பட்டால் வண்டி ஓடை நடுவிலேயே நின்றுவிடும். மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து, பாயின்டைக் காயவைத்து, மறுபடி கிளப்ப வேண்டும். வெயில் காலத்தில் வேறு தொல்லை. மலையடிவாரத்து முந்தலில் ஏற ஆரம்பித்துப் பதினேழு கொண்டை ஊசி வளைவில் பத்தாவதைத் தொடுவதற்குள் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் இழுக்காது. பம்பின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஏறுவதுதான் அப்போது எல்லாரும் செய்தது. பின்னால் ஆறு பெண்கள் ஏலக்காய் எடுப்புக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள், அவர்களின் பாதி நாள் வேலை ரோட்டிலேயே போய்விடும்.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைத் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். டீசல் போட்டால் இழுவை கூடும் என்பது எங்கள் வண்டி விஷயத்தில் சரியில்லை. சிஜே3பியில் வந்த ஹரிக்கேன் இன்ஜின் 2199 சிசி, ஸ்ட்ரோக் மட்டும் 111 மில்லிமீட்டர், எழுபதுக்கு மேல் குதிரைத்திறன், அடி வேகத்திலேயே நன்றாக இழுக்கும். பியூஜோ எக்ஸ்.டி.பி 4.90 என்பது நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், 2112 சிசி, 62 குதிரைத்திறன். டர்போ கிடையாது. காகிதத்தில் பார்த்தால் சக்தியிலும் இழுவையிலும் பெட்ரோல்தான் மேலே. டீசல் ஏற்றிய பிறகு வண்டி மலையில் சுலபமாக ஏறியதற்குக் காரணம் இன்ஜினோடு சேர்த்து வந்த நாலு கியர் பெட்டி. பழைய மூன்று கியர் டி-90 பெட்டியில் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. வளைவில் இரண்டாவது திணறும், முதல் கியரில் சிங்க்ரோமெஷ் இல்லாததால் ஓட்டத்தில் போட்டால் கரகரவென்று கத்தும். நாலு கியர் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆகவே இன்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். இன்ஜின், பெல் ஹவுசிங், கிளட்ச், கியர் பெட்டி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒரே செட்டாக வரட்டும். லேத்தில் அடாப்டர் பிளேட் கடைந்து பழைய பெட்டியோடு சேர்க்கலாம் என்று எங்களிடமும் சொன்னார்கள், வேண்டாம் என்றது நல்லதாய்ப் போயிற்று.

அன்றைக்கு ஆன செலவு: செட் முப்பத்தெட்டாயிரம், பட்டறைக் கூலி பதினைந்தாயிரம், மற்றதெல்லாம் சேர்த்து எண்பத்தைந்தாயிரத்தைத் தொட்டது. "மற்றதெல்லாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேனே, அங்கேதான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பணமும் முழுக் கவலையும் இருக்கிறது.

சிஜே3பியின் பானெட் உயரமாக இருப்பதற்கே காரணம், அந்த ஹரிக்கேன் இன்ஜினின் உயரம்தான். அதனால் டீசல் இன்ஜின் மேல்பக்கம் இடிக்காமல் உள்ளே உட்கார்ந்துவிட்டது. கீழேதான் பிரச்சினை. முன் ஆக்சிலில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியல் குண்டு எழும்பும்போது இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சம்பில் தட்டியது. இன்ஜினை ஓர் அங்குலம் தூக்கி, கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தார்கள். பின்னால் தள்ளியதோடு, புதுக் கியர் பெட்டியும் பழையதைவிட நீளம் என்பதால், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைக்க வேண்டியதாயிற்று. இந்த ஜீப்பின் வீல்பேஸே 80 அங்குலம்தான். ஷாஃப்ட் முழ நீளத்துக்கு வந்துவிட்டது. ஷாஃப்ட் குட்டையானால் சாய்வு கூடும், சாய்வு கூடினால் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் தேயும். முதல் இரண்டு வருடத்தில் மூன்று தடவை கிராஸ் மாற்றினேன், நாற்பதைத் தாண்டினாலே சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு. கடைசியில் மதுரையில் ஷாஃப்டைச் சுழலவிட்டு பேலன்ஸ் பார்க்கிற இடத்தில் கொடுத்து, பின் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு இரும்புத் துண்டு வைத்து டிஃபரன்ஷியலின் மூக்கைக் கொஞ்சம் நிமிர்த்தினோம். அதற்கப்புறம் ஒரு கிராஸ் நாலு வருடம் வருகிறது. கிரீஸ் அடிப்பதை மறக்கக் கூடாது, ஓடையில் இறங்கின வாரமெல்லாம் நான் அடித்துவிடுவேன்.

பெட்ரோல் இன்ஜின் போனால் அதனோடு வேக்குவமும் போய்விடும் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. எங்கள் வண்டியில் வைப்பர் ஓடியதே இன்ஜின் இழுக்கிற காற்றின் உறிஞ்சலில்தான். இந்த டீசலில் த்ராட்டில் தகடு கிடையாது, காற்று தடையில்லாமல் உள்ளே போகும், ஆகவே உறிஞ்சல் இல்லை. வண்டி தயாரான அன்று மாலை மழையில் கிளம்பி, வைப்பர் அசையாமல் நின்ற பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. மின் மோட்டார் வைப்பர் வைத்தோம். இதே காரணத்தால் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் வண்டி பிடிக்கிற மாதிரி இது பிடிப்பதில்லை. போடிமெட்டிலிருந்து முதல் தடவை இறங்கியபோது பழைய பழக்கத்தில் கியரை நம்பி விட்டுவிட்டேன், வண்டி வேகம் எடுத்துக்கொண்டே போனது, பிரேக்கை மிதித்து மிதித்து கீழே வருவதற்குள் டிரம் நாற்றம் அடித்தது. இப்போது ஏறுகிற கியரைவிட ஒன்று குறைத்துத்தான் இறங்குகிறேன், மழையில் லோ கியர். இரண்டாவது வருடமே வேக்குவத்தில் வேலை செய்யும் பிரேக் பூஸ்டரும், அதற்காக ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்குவம் பம்பும் போட்டுவிட்டோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். டீசல் ஏற்றுகிறவர்கள் பிரேக்குக்கான பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் இன்ஜின் வாங்குங்கள். முன்பக்கம் பாரம் கூடியதால் முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்தோம், ஸ்டீரிங் இன்றும் கனம்தான்.

மூன்றாவது மாதம் ஹெட் கேஸ்கெட் போனது. பழைய ரேடியேட்டரையே வைத்திருந்தோம், ஃபேனும் அதன் நடுவுக்கு நேராக இல்லை, ஒரு ஓரமாகத்தான் சுற்றியது. ஏலக்காய் மூட்டையோடு நல்ல வெயிலில் மலை ஏறும்போது மீட்டர் முள் மேலே போய்விட்டது. நான் இன்னும் இரண்டு வளைவுதானே என்று ஓட்டினேன். இந்த இன்ஜினுக்கு அலுமினிய ஹெட், சூட்டில் வளைந்துவிடும். ஹெட்டைக் கழற்றி லேத்தில் முகம் தட்டி மறுபடி மாட்டினோம். அப்புறம் அகலமான ரேடியேட்டர், தகரத்தில் கூண்டு அடித்து ஃபேனைச் சுற்றி மூடியது, கூலன்ட். அதற்குப் பிறகு இன்று வரை சூடு பிரச்சினை வரவில்லை. இன்ஜின் மவுண்டிங் பிராக்கெட்டைப் பட்டறையில் சேஸிஸில் நேரடியாக வெல்டிங் வைத்துவிட்டார்கள், ஒன்றரை வருடத்தில் வெல்டிங் ஓரத்திலேயே சேஸிஸ் விரிந்தது. வேறு பட்டறையில் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்கிய பிறகு அசையவில்லை.

சரி, கிடைத்தது என்ன? ஓடைக்கு நடுவில் வண்டி நின்று பதினேழு வருடம் ஆகிறது. பிளக் இல்லை, பாயின்ட் இல்லை, நனைவதற்கு ஒன்றுமே இல்லை. ஏர் ஃபில்டரின் வாய்க்குத் தண்ணீர் போகாத வரை அது பாட்டுக்குக் கடந்து போகிறது. லிட்டருக்கு மலையில் ஒன்பதரை, சமதளத்தில் பன்னிரண்டு, பன்னிரண்டரை. காய் எடுப்பு நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு சுற்று வரும். சீசனில் ஒரு நாளைக்கு நாலைந்து நடை பச்சைக்காய் மூட்டையோடு ஸ்டோருக்கு ஓடும்போது அந்த வித்தியாசம் பாக்கெட்டில் தெரியும். முதல் நாலு வருடத்திலேயே போட்ட பணம் வந்துவிட்டது என்பது என் கணக்கு. ஆனால் அன்றைய கணக்கை இன்றைக்குப் போடாதீர்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது, இப்போது மிச்சமாவது மைலேஜில் வருவது மட்டும்தான்.

இழந்ததும் உண்டு. பெட்ரோலில் ஐடிலில் நின்றால் இன்ஜின் ஓடுகிறதா என்று குனிந்து கேட்க வேண்டும், அவ்வளவு மென்மை. இப்போது முந்தல் செக்போஸ்டில் வரும்போதே டீக்கடைக்காரர் எனக்கு டீ போட ஆரம்பித்துவிடுகிறார். நெடுஞ்சாலையில் இது வண்டியே இல்லை. ஆக்சில் விகிதம் 5.38 என்பதால் அறுபதில் போகும்போதே இன்ஜின் 2400 சுற்றில் இருக்கும், அதற்கு மேல் காது தாங்காது. மதுரைக்குப் போக நான் பஸ்ஸில்தான் போகிறேன். குளிர்காலத்தில் விடிகாலை, இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டரை இருபது எண்ணுகிற வரை பிடித்துக் கிளப்பினாலும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரும். சாவியைத் திருப்பினால் நிற்காது, ஸ்டாப் கேபிளை இழுக்க வேண்டும், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். டேங்க்கில் டீசலை வற்றவிட்டால் காற்று புகுந்துவிடும், கைப்பம்பை அழுத்தி ஏர் எடுக்காமல் அசையாது. நாசில் இரண்டு தடவை மாற்றினேன், டீசல் பம்ப் ஒரு தடவை பிரித்தது, லைனரும் பிஸ்டனும் 2019-ல் மாற்றினேன்.

காகித வேலையை யாரும் இலேசாக எடுக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின் கீழ், ஆர்.டி.ஓ.வின் அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றக் கூடாது. எங்கள் ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணும் எரிபொருளும் மாற்றி எழுத மூன்று மாதம் அலைந்தேன். பழைய வண்டியின் ஆர்.சி. ரத்தான சான்று, இன்ஜின் வாங்கிய பில் இரண்டும் இருந்ததால்தான் முடிந்தது. இப்போது இன்னும் கடினம். 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன வழக்கில், ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே முதலில் அலுவலகத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள், அப்புறம் பட்டறைக்குப் போங்கள். ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்று ஓடுகிற வண்டிகளை எனக்குத் தெரியும். ஆள் ஏற்றிக்கொண்டு மலையில் ஓடுகிற வண்டிக்கு, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற என்னால் அப்படி ஓட்டியிருக்க முடியாது.

இன்ஜின் பார்க்கப் போகிறவர்களுக்கு: அவர்கள் சூடாக்கி வைத்திருந்தால் ஆறும் வரை உட்கார்ந்திருங்கள், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிப் பாருங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளியே தள்ளக் கூடாது. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போதே திறந்து வைத்துக் கிளப்பி, தண்ணீரில் குமிழி வருகிறதா பாருங்கள், வந்தால் ஹெட்டில் வேலை இருக்கிறது. கியர் பெட்டியை நாலு கியரிலும் கையால் சுற்றிப் பாருங்கள். முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உங்கள் பழையதே இருக்கட்டும், எங்கள் வண்டியில் பின் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி இருக்கிறது, ஷாஃப்ட் வெளியே வரும் இடமும் அதற்கு நேராக இருந்தால்தான் சரிப்படும்.

பழைய பெட்ரோல் இன்ஜினை அப்பா விற்க விடவில்லை. ஸ்டோரில் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவை பிளக்குகளைக் கழற்றி, நாலு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, கிராங்க் கம்பியால் சுற்றிவிட்டு மறுபடி மூடுகிறேன். இந்த வருடமும் சுற்றியது.